அக்கா சட்டை

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கணவன் வைத்தது. வாங்கி வந்த தக்காளியில் ஒரு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான், காலமாகிவிட்ட ஒரு போர்முனைப் புகைப்படக்காரரின் படங்களை வருடக்கணக்காகத் துருவித் துருவி ஆராய்ந்து புத்தகம் எழுதினாள். புத்தகம் வெளிவந்த கையோடு படங்களின் கண்காட்சியும் நடந்தது.

அட்டைப் படம் அந்தக் காலத்திலேயே பத்திரிகையில் வந்து ஊரறிந்தது. இடிந்த தெருவில் ஒரு சிறுவன். இடது கை மணிக்கட்டோடு போய்க் கட்டுப் போட்டிருக்கிறது. வலது கையை ஓர் இளம்பெண் பிடித்திருக்கிறாள். சிறுவனின் சட்டையில் பொத்தான்கள் பெண்கள் சட்டையில் இருப்பதுபோல இடப்பக்கம் இருந்தன. இதை அவளுக்கு முன் யாரும் கவனித்ததில்லை. விடுவாளா? உடனே ஓர் அடிக்குறிப்பு எழுதினாள்: எல்லாம் பறிபோன பிறகு தம்பி அக்காவின் சட்டையைப் போட்டிருக்கிறான். படித்தவர்கள் உருகிப்போனார்கள். எழுதியவளே கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான்.

கண்காட்சியின் முதல் நாள், ஒரு கூட்டத்துக்கு அந்தப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக முன்னால் வந்தார். படத்தில் இருப்பது தானும் தன் அக்காவும் என்றார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மருந்துக் கடை வைத்திருக்கிறாராம். அந்த வருடமே அக்கா இறந்துவிட்டாள். அவள் முகம் உள்ள படம் வேறு ஒன்றுகூடக் கிடையாது, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்.

பிரபலமான படத்துக்கு இப்படி உரிமை கொண்டாடி வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். புன்னகைத்தாள். அவருடைய வலது சட்டைக் கை நுனியில் வெறுமையாகத் தொங்கியது.

"சார், படத்துல பையனுக்குப் போனது இடது கை. உங்களுக்கு வலது கை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் படத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரியே அதுவரை பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போலும். அவள் அத்தோடு விட்டிருக்கலாம். அந்தப் பையன் போட்டிருப்பது யாருடைய சட்டை என்றாவது ஞாபகம் இருக்கிறதா, அக்காவுடையதுதானே என்று கேட்டாள்.

"நான் எதுக்குங்க அக்கா சட்டையப் போடப்போறேன்? அது என் பள்ளிக்கூடச் சட்டை."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கணவன் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இதை நகைச்சுவையாகவே சொன்னாள். அவனும் சிரித்தான். பிறகு புத்தக அட்டையைக் கையில் எடுத்து, தன் சட்டைப் பொத்தான்களோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"ஏம்மா, அச்சடிச்சவன் படத்தையே திருப்பிப் போட்டிருந்தா?"

அவள் எழுந்து மேஜைக்கு ஓடினாள். நெகட்டிவ் இழுப்பறையிலேயேதான் இருந்தது. புகைப்படக்காரரின் மனைவி நம்பிக் கொடுத்தது. இவ்வளவு தெரிந்த படத்துக்கு நெகட்டிவ் எதற்கு, அட்டைக்கும் கண்காட்சிக்கும் பத்திரிகைப் பிரதியே போதும் என்று அதை மட்டும் உறையிலிருந்து எடுத்ததே இல்லை. விளக்கின் முன் பிடித்து, பிலிம் ஓரத்து எண்கள் நேராகத் தெரியும்படி திருப்பினாள். சிறுவனுக்கு வலது கை இல்லை. பொத்தான்கள் ஆண்பிள்ளைச் சட்டையில் இருக்கவேண்டிய பக்கத்தில் இருந்தன.

வெட்கமாக இருந்தது. தப்பாக எழுதியதற்குக்கூட இல்லை, சிரித்ததற்கு.

மறுநாள் காலையிலேயே புதுப் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு மருந்துக் கடையைத் தேடிப் போனாள். அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பைத் திருத்திவிடலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் இடது கையாலேயே மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். அவள் ஒதுங்கி நின்றாள். அவர்கள் போன பிறகு கல்லா அருகே குனிந்து, பத்திரிகையில் படம் திரும்பிப்போன கதையைச் சொல்லி, தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்றாள். உறையை நீட்டினாள்.

அவர் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையத்தான் பிடிச்சிருந்தா," என்றார். "நேத்து நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அது நான்தானான்னு. அது அக்காதானான்னு."

மன்னித்துவிடுங்கள் என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அங்க நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இங்க ஆளுங்க போற வரைக்கும் நின்னு காதுல சொல்றீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மருந்துச் சீட்டோடு ஓர் அம்மாள் படியேறினாள், பின்னாலேயே இன்னும் இருவர். அவர் படத்தை அவர்கள் பக்கம் பார்க்கும்படி மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார்.

"ஆளுங்க வர்றாங்க. இப்பச் சொல்லுங்க."

அம்மாள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி குனிந்து படத்தின் சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.