மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

செல்லியம்மாளுக்கு மேடவாக்கத்தில் அரை ஏக்கர் நிலம் இருந்தது, கிணறு இல்லை. மேலண்டைக் கொல்லை அரிகிருஷ்ணனுக்குக் கிணறும் மோட்டாரும் இருந்தன. அவன் தண்ணீர் விடுவான், அறுவடையில் மூன்று மூட்டைக்கு ஒரு மூட்டை இவள் கொடுப்பாள். தொல்லையெல்லாம் நடுவில் இருந்த மண் வாய்க்காலால்தான். எலி வளைக்கும் வெயிலுக்கும் போக, இவள் வயலுக்கு வருவது நாக்கை நனைக்கத்தான் காணும்.

தொண்ணூற்று மூன்றில் அவளே யோசனை சொன்னாள். "பைப்பு பொதைச்சிடலாம் அண்ணா. ஒரு சொட்டு வீணாவாது. பள்ளம் நானே தோண்டறேன்."

அரிகிருஷ்ணன் வாய்க்காலைப் பார்க்கவில்லை, மேட்டிலிருந்த ரோட்டைப் பார்த்தான். "நல்ல ரோசனைதான்."

 அவன் பார்வை போன திசையை அவள் கவனிக்கவில்லை, பைத்தியக்காரி.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவள் எட்டு நாள் கூலியில்லாமல் செய்தாள். பைப்பு வந்தது. கிணற்றடியில் வால்வு வைத்த இடத்திலிருந்து, ரோட்டுப் பக்கமாக ஒரு முழம் பைப்பு பிரிந்து நின்றது.

"அது இன்னாத்துக்கு அண்ணா?"

"மிச்சம் பட்டது. கெடக்குது வுடு."

முதல் பாய்ச்சலில் வயல் குளமாயிற்று. அவள் அடுத்த முறை கிணற்றடிக்கு வந்தபோது அந்த ஒரு முழம், ரோட்டுக்குப் போகும் வழியிலிருந்த பனைமரம் வரை நீண்டிருந்தது. அதற்கடுத்த முறை வேலியைத் தாண்டியிருந்தது. கேட்டால் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்காவிட்டால் மட்டும் நிற்காதா?

நெல் பால் பிடிக்கிற சமயம். ஒரு தண்ணீர் தவறினாலும் மொத்தமும் பதர்தான், வருஷச் சோறு போச்சு. அவளுடைய முறை வெள்ளிக்கிழமை காலை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பைப்பு வாயில் கை வைத்தாள். காய்ந்து கிடந்தது.

தான் தோண்டிய தடத்தின் மேலேயே ஓடினாள். ரோட்டோரத்தில் பட்டணத்துக்குத் தண்ணீர் விற்கும் டேங்கர் லாரி நின்றது, பக்கத்தில் அரிகிருஷ்ணன். தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு என் மொற அண்ணா! பயிரு காயுது!"

அரிகிருஷ்ணன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது. "வாய்க்கா இருந்த வரிக்கும் தண்ணி பள்ளத்துக்குத்தான் போச்சு, செல்லி. மேட்டுக்கு ஏத்தலாம்னு எனக்குத் தோணவே இல்ல. நீதான் வழி காட்டினே."

பள்ளம் தோண்டிய காய்ப்பு அவள் கையில் இன்னும் மறையவில்லை. லாரி நிறைந்து நகர்ந்தது. அந்த இடத்துக்கு அடுத்த லாரி வந்தது. மோட்டார் நிற்கவே இல்லை.