மேலே போன நியோக்கி

அந்தோணிமுத்துவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் வேகவைத்த நியோக்கி கொதிதண்ணீரின் மேல்மட்டத்தோடு நிற்காமல் சட்டியைவிட்டு எழும்பிச் சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த மாதம் புயல்காற்று வாழையைச் சாய்த்து ஊருக்கு வேறு கவலை இருந்ததால், அனுமந்தன்பட்டியில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நியோக்கி இத்தாலிக்காரர்களின் கிழங்கு உருண்டை என்றாலும் அந்த ஊருக்குப் புதிய பண்டம் அல்ல. அந்தோணிமுத்து பதினெட்டு வருஷம் இத்தாலியில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் சமையலும் பணிவிடையும் பார்த்தவர். இருவரையும் அடக்கம் செய்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். வந்தவர் வீட்டுக்குக் கை தொடும் உயரத்தில் பால்ஸ் சீலிங் போட்டார். ஞாயிறு பூசை முடிந்து எதிர்ப்பட்டவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். உருளைக்கிழங்கை அவித்து, சூடு ஆறும் முன் மசித்து, கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்து, விரல் தண்டி திரித்து வெட்டி, முள்கரண்டியில் உருட்டி வரி போடுவார். தக்காளியில் நெடுநேரம் கிடந்து கரைந்த கொத்துக்கறிக் குழம்பு தனியாக இருக்கும். கிழங்கு உருண்டை தண்ணீரில் மேலே வந்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. அவருடைய தங்கை லூர்து மேரி அதைக் கறிக் கொழுக்கட்டை என்றாள். ஊரும் அப்படியே சொல்லிச் சாப்பிட்டது. ஐப்பசியில் ஒரு காலை சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மனைவி கிளாராவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள், துவைத்ததையே துவைத்தாள், கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தாள். ஞாயிறு வந்தால் மட்டும் கை தானாகக் கிழங்கை அவித்தது. நியோக்கியும் அவளைப் போலத்தான். மேலே போயும் ஓரிடத்தில் கிடக்காது. சீலிங் முழுக்க ஊர்ந்து, மூலையில் முட்டி, திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை ஜன்னலைச் சாத்த மறந்ததில் ஒரு சட்டி நியோக்கியும் வெளியே போய்க் கோயில் கோபுரத்தைச் சுற்றியது. காக்கை தின்று முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்; நனைந்தவை கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டன. லூர்து மேரியின் யோசனைப்படி சட்டியை மூடி அம்மிக்குழவியை மேலே வைத்தார்கள். மூடியும் குழவியுமாகச் சட்டியே அரையடி எழும்பியது. குழம்பு மட்டும் எப்போதும் போல் அடுப்பில் கிடந்தது. கிளாரா சாயங்காலம் ஒட்டடைக் கம்பால் எல்லாவற்றையும் தட்டி இறக்கி, தென்னைக்கு அடியில் புதைத்தாள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனபின் மகள் மகிமாவுக்கு ராயப்பன்பட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாலமன், திராட்சைத் தோட்டக்காரர் சுந்தர்ராஜின் மகன். மகிமாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அப்படியே. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசலோடு திரும்பியிருந்தன. அதனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பிரியாணி போட்டு அனுப்பிவிடலாம் என்று கிளாரா முடிவு செய்தாள். மகிமா ஒப்பவில்லை.

"அப்பா சாப்பாடு வைக்காட்டி நான் சேலை மாத்தமாட்டேன்."

"ஏத்தா, அது எந்திரிச்சுப் போச்சுன்னா சம்பந்தமும் எந்திரிச்சுப் போகும்டீ."

"போனாப் போகட்டும். ஒளிச்சு வச்சுக் கட்டிக்குடுத்தா, நாளைக்கு நான் அங்கன உலை வைக்கும்போது என்ன செய்ய?"

"கேட்டியா மதினி, அண்ணன் பேசுற மாதிரியே பேசுறா," என்றாள் லூர்து மேரி. "நூலுல கோத்துக் கட்டிப்போடுவமா?"

"ஒன்னையக் கட்டிப்போட்டாத்தான் எனக்கு நிம்மதி," என்றாள் கிளாரா.

பெண் பார்க்க வந்த அன்று, மகள் பேச்சுக்கு இணங்கிய கிளாரா அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்துத்தான் சமைத்தாள். வந்தவர்களுக்கு எதிரே தட்டில் குழம்பு மட்டும் பரிமாறப்பட்டிருந்தது. சாலமன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பிக்குப் பால் எடுக்க லூர்து மேரி கதவைத் திறந்தாள், அவ்வளவுதான். வெந்த நியோக்கி நிலைப்படிக்கு மேலாக நெளிந்து வந்து கூடம் முழுக்கச் சீலிங்கில் பரவியது. ஆவி பறந்தது. சுந்தர்ராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். கிளாரா ஒட்டடைக் கம்பைத் தேடினாள். இதுவும் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டுச்சேலை கட்டிய மகிமா அறை வாசலில் அசையாமல் நின்றாள்.

மாப்பிள்ளையின் தாய் சவரியம்மாள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கையை மேலே நீட்டி, ஒன்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு அடுத்ததையும் அமுக்கிப் பார்த்து, பதமானதை மட்டும் பறித்தாள். விடிந்தால் பந்தலுக்குக் கீழே நின்று தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் திராட்சை அறுக்கிறவள் அவள். பிஞ்சை விட்டுப் பழத்தை எடுக்க அந்தக் கைக்குக் கண் தேவையில்லை.

"என்னங்க பாத்துக்கிட்டு இருக்கீக, எந்திரிங்க," என்றாள் புருஷனிடம். "கீழ கெடந்தாத்தான் நமக்குப் பறிக்க வராது."

சுந்தர்ராஜ் எழுந்தார். "பன்னீர்த் திராட்சையைவிட இது காம்பு விடுறது லேசா இருக்கு," என்றார். சாலமன் எட்டாத மூலைக்குப் போய்ப் பறித்து வந்து மகிமாவின் தட்டில் வைத்தான். லூர்து மேரிக்கு எட்டவில்லை. அவளுக்கு முக்காலி போட்டார்கள். குழம்பில் தோய்த்தால் நியோக்கி அடங்கித் தட்டில் கிடந்தது. இரண்டு வருஷமாக அது யாருக்கும் தெரியாமல் இருந்தது, யாரும் பறித்துத் தோய்த்துப் பார்க்காததால்.

"நீங்க பறிக்கலையா மதினி?" என்று சவரியம்மாள் கேட்டாள்.

கிளாரா கையை உயர்த்தினாள். அவள் பிடித்தது உடனே வரவில்லை. மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது போல் மெல்ல மேலே இழுத்தது. அவளும் விடவில்லை. கூடத்தில் மற்றவர்கள் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அந்தப் பக்கத்துப் பிடி தளர்ந்தது. வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு சரியாக இருந்தது.

வைகாசியில், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம் முடிந்தது. ராயப்பன்பட்டியில் மகிமா வேகவைக்கிற நியோக்கி அடுப்படியைவிட்டுப் போய்ப் பந்தலில் திராட்சைக் கொத்துகளுக்கு நடுவே தங்குகிறது. மத்தியானம் கூலிக்கு வந்தவர்கள் அறுத்துச் சாப்பிடுகிறார்கள். பழம் எடுக்க வரும் வியாபாரிகள் அதை விலை கேட்பதில்லை. அனுமந்தன்பட்டியில் ஞாயிறு பூசை விட்டதும் கிளாரா எதிர்ப்பட்டவர்களைக் கூப்பிடுகிறாள். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். அந்த வீட்டில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை.