மூன்றாவது சாக்ஸ்

…இல்லை, பச்சை ஜோடி இருக்கிறது, பைக்குள் கையை விட்டால் கம்பளி தட்டுப்படுகிறது, அந்தச் சாம்பல் நிற ஒற்றைச் சாக்ஸைத்தான் காணோம், வகுப்பிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது, கிரேக்கம் கற்பிக்க வேலை கேட்டு வந்தவள் சாக்ஸைப் போட்டுவிட்டுப் போனாள் என்று இந்தக் கல்லூரியில் பத்து வருடம் பேசுவார்கள்… பையை மூடு மரியன், கையை மடியில் வை. பக்கத்தில் கெயில் ஓட்டிக்கொண்டு வருகிறார். துறைத் தலைவர், லத்தீன்காரர், பனி ஒதுக்கிய நெடுஞ்சாலையில் ஒற்றைக் கையால் ஓட்டுகிறார், இன்னொரு கையில் காபி. இரண்டு நாள் நேர்காணல் முடிந்து என்னை விமான நிலையத்தில் விடப் போகிறார், அவ்வளவுதான், ஆனால் நேர்காணல் இன்னும் முடியவில்லை. கிளென் சொல்லித்தான் அனுப்பினான், "கார்ல ஏறினதும் முடிஞ்சுதுன்னு காலை நீட்டிடாத. கார்லதான் ஆளை எடை போடுவாங்க." காலை நீட்டவில்லை. வேலை கிடைத்தால் இந்தச் சாலையில் நானே ஓட்டுவேன், வருடம்தோறும் பெட்டி கட்ட வேண்டாம், மே மாதம் ஒப்பந்தம் முடிகிறதே என்று அடுத்த இடம் தேட வேண்டாம், ஒரு வீடு, அதில் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்க ஒரு சுவர். நாற்பது வயதில் இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

எனக்கு என்கிறேன். எங்களுக்கு என்று சொல்ல வேண்டும். கிளென் என் கணவன், அவனும் இதே கிரேக்கம்தான், இதே வேலைக்குத்தான் அவனும் போட்டிருந்தான். நான் டெக்சஸில், அவன் மெய்னில், ஆளுக்கொரு மூலையில் வருட ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறோம், விடுமுறைக்கு விடுமுறை புருஷன் பெண்டாட்டி. இந்தத் தொழிலில் வருடத்துக்கு நாலு இடம் திறந்தால் அதிகம், இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போடாமல் என்ன செய்வது? ஒருத்தர் விண்ணப்பத்தை மற்றவர் பார்ப்பதில்லை, யாரைக் கூப்பிட்டாலும் மற்றவர் முகம் சுளிப்பதில்லை, அது எங்கள் விதி. என்னைக் கூப்பிட்டார்கள். அவன் முகம் சுளிக்கவில்லை, தொலைபேசியில் முகம் எங்கே தெரிகிறது… கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சில்லறைப் பர்ஸில் போட்டுக்கொண்டு வா என்று சொன்னதுகூட அவன்தான். புருஷன் வேறு ஊரில் இருக்கிறான், அதுவும் இதே தொழில் என்று தெரிந்தால் போச்சு, இவள் நிலைக்க மாட்டாள், இல்லாவிட்டால் அவனுக்கும் வேலை கேட்பாள் என்று அடுத்த ஆளைப் பார்த்துவிடுவார்கள். வேலை கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர்கள் கேட்கக் கூடாது, அது சட்டம். நேற்று இரவு விருந்தில் கெயில் எனக்குச் சூப்பை ஊற்றிக்கொண்டே, "இங்க பள்ளிக்கூடமெல்லாம் நல்லா இருக்கும். பெரிய வீடு மலிவாக் கிடைக்கும். ஒத்தை ஆளா இருந்தா குளிர்காலம் கொஞ்சம் கஷ்டம். நான் எதையும் கேக்கல, கேக்கக் கூடாது, சூப் எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையத்தை மேஜைக்குக் கீழே கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று காலை வகுப்பு எடுபட்டது, அதில் சந்தேகமில்லை. மாணவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டு, பின்வரிசையில் நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறோம் என்றார்கள். கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை என்று ஒன்று உண்டு, கண்கள், கைகள், ஏர் மாடுகள் என்று இரண்டிரண்டாகவே வாழ்கிறவற்றுக்குத் தனி விகுதி. அதைத்தான் நடத்தினேன். பாடம் கிளெனுடையது. அவன் வகுப்புகளிலேயே பேர்போனது அதுதான். ஒரு சாக்ஸைத் தூக்கிக் காட்டினால் ஒருமை, ஜோடியைக் காட்டினால் இருமை, அப்புறம் பையிலிருந்து நிறம் பொருந்தாத மூன்றாவது ஒன்றை எடுத்துப் பக்கத்தில் போட்டதும் ஜோடியின் விகுதி உதிர்ந்துவிடும், எல்லாம் பன்மை. "இதையே நடத்து, பின்வரிசை கிழடுங்ககூட சிரிக்கும்," என்றான், ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைபேசியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தான், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வரை. சிரித்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ரெண்டே பேர் இருக்கறப்ப பன்மை போட்டா தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். கிரேக்கர்களே ஒரே வாக்கியத்தில் இருமையில் தொடங்கிப் பன்மையில் முடிப்பார்கள், அப்படியே போகப் போக அந்த விகுதி வழக்கொழிந்துவிட்டது, யாரும் அதை ஒழிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை. இதுவும் கிளெனுடைய வாக்கியம்தான், நான் சொல்லும்போது என்னுடையது போலவே இருந்தது.

"சாக்ஸைத் தேடாதீங்க," என்கிறார் கெயில் சாலையைப் பார்த்துக்கொண்டே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான்தான் எடுத்து என் மேஜைல வச்சிருக்கேன். இருக்கட்டும், வந்து எடுத்துக்கலாம்." வந்து. வந்து என்றால்? இது வாக்குறுதியா, வெறும் உபசாரமா, செத்த மொழியின் வினைச்சொற்களைப் பதினைந்து வருடமாகப் புரட்டிப் பார்த்தவளுக்கு உயிரோடிருக்கும் ஒரு வினைச்சொல் புரியவில்லை. வயிற்றுக்குள் சந்தோஷம் குபுக்கென்று வந்தது, அதை முகத்துக்கு வரவிடாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன், சோளம் அறுத்த வயல்கள், பனி, ஒரு எரிபொருள் நிலையம், இதெல்லாம் என் ஊராகப் போகிறதா… "ஒரு வேடிக்கை," என்கிறார் கெயில். "சொல்லக் கூடாது, சொல்றேன். வந்த விண்ணப்பத்துல இன்னொருத்தரும் இதே சாக்ஸ் பாடத்தை எழுதியிருந்தார். மூணாவது சாக்ஸ் வரைக்கும். கூட்டத்துல வாய்விட்டுப் படிச்சு எல்லாரும் சிரிச்சோம். மெய்ன் பக்கம் ஆள். கிளென்… கிளென் ட்வைட். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். என் புருஷன் என்று சொல்லியிருக்கலாம், சட்டப்படி அவர் கேட்கத்தான் கூடாது, நான் சொல்லலாம். யோசித்தேனா? யோசிக்கவில்லை, அதுதான் விஷயம், யோசிக்குமுன் வாய் பதில் சொல்லிவிட்டது. "மாநாடுகள்ல பார்த்திருக்கேன்." சும்மா ஒரு மூன்றாம் மனிதரைச் சொல்வது போல. கெயில் சிரித்தார். "அப்ப யார் யார்கிட்டேர்ந்து சுட்டது?" வகுப்பறைச் சரக்கு கை மாறிக்கொண்டேதான் இருக்கும் என்று ஏதோ சொன்னேன், அதுவும் சிரித்துக்கொண்டே. "அதானே. நல்ல பாடம்னா நாலு பேர் திருடத்தான் செய்வாங்க," என்றார், நான் இல்லை என்று சொல்லவில்லை, அவன் திருடன் ஆகிவிட்டான், தானே உண்டாக்கிய பாடத்துக்கு. "நல்லாத்தான் எழுதியிருந்தார், பாவம். ஆனா ஊர் ஊரா ஓடி அலுத்துப்போன ஆள்னு தெரிஞ்சுது. உங்ககிட்ட அது இல்ல." நன்றி என்றேன். நன்றி என்றேனே… அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம் என்பார்கள், அந்த அரசனாவது அரண்மனையில் இருந்திருப்பான், எனக்குக் காபி சிந்திய ஒரு பழைய கார். கெயில் விமான நிலைய வாசலில் நிறுத்தி, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது கிளெனிடமிருந்து செய்தி. "சாக்ஸ் எடுபட்டுச்சா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" யாராவது ஏதாவது. யாரும் கேட்கிற கேள்விதான், எல்லாப் புருஷனும் கேட்பான்… ஆனால் அவன் அதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தான், இவர்கள் படித்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தானா? தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான், கிளென் அப்படிப்பட்டவன்தான். இல்லை, அவனைக் கூப்பிடாத அறையில் அவன் பேரை யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று நினைத்தானோ… நான் சொல்வேன் என்று நினைத்தானோ? நீயும் அதை எழுதியிருந்தாயா என்று ஒரு வரி அடித்தால் தெரிந்துவிடும். அடித்தேன். உனக்கு யார் சொன்னது என்பான். கெயில் என்பேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்பான். அழித்தேன். அவனிடம் இனி இதை ஒருநாளும் கேட்க முடியாது, வேலை கிடைத்தாலும் கேட்க முடியாது, கிடைத்தால் இன்னும் முடியாது.

நல்லாப் போச்சு, ஒரு சாக்ஸை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது, கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாவி. "எது? ஜோடியிலயா, மூணாவதா?" பின்னால் நின்றவர் நகரச் சொன்னார், நகர்ந்தேன். மூணாவதுதான் என்று அடித்தேன், அனுப்பாமல், ஜோடி இருக்கிறதா என்று பைக்குள் கையை விட்டு மறுபடியும் துழாவினேன்.