கல் ஆபரேஷன்

எதிர்வீட்டம்மா வந்து என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கல்லக் கையில குடுத்தாங்களா?" என்பதுதான். வலி எப்படி, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரிப்பார் என்று நான் முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரோ கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து என் போர்வை மேல் வைத்தார். உள்ளே பழுப்பும் கறுப்புமாகச் சில கற்கள். போன வருஷம் அவருடைய பித்தப்பையிலிருந்து எடுத்தவை. என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்.

எனக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு நடந்தது, இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்துவிடும் ஆபரேஷன். உடம்பைக் குறைப்பதற்காகச் செய்துகொள்வது. இந்த விஷயம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். பெற்ற பெண்ணுக்குக்கூடத் தெரியாது. அவளுக்கும் ஊருக்கும், முக்கியமாக என் அக்காவுக்கும், இது கல் ஆபரேஷன்.

அக்காவும் நானும் ஒரே வார்ப்பு. சித்தப்பா எங்களுக்கு வைத்த பெயர் ரெட்டைக் கதவு. இரண்டு பேரும் சேர்ந்து வாசலில் நின்றால் வீடு பூட்டியிருக்கிற மாதிரி இருக்கிறதாம். அக்கா அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். "தாழ்ப்பா இருக்கற பக்கம் நான்" என்பாள். அவள் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். தான் மாடிப்படி ஏறும் சத்தத்திலேயே பிள்ளைகள் போனை ஒளித்துவைத்துவிடும் என்று பெருமையாகச் சொல்வாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். வாய் நிறையச் சாப்பாடும் வாய் நிறையக் கதையுமாக அவள் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பசி எடுக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் சிரிப்பு உதட்டோடு சரி. நான் பில் போடும் துணிக்கடையில், தன் அளவுக்குக் கிடைக்குமா என்று தயங்குகிற பெண்களிடம் விற்பனைப் பெண்கள் என்னைக் கைகாட்டி, "எங்க பில் மேடத்துக்கே சைஸ் இருக்கு, உங்களுக்கு இல்லாமலா?" என்பார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் பில் போட்டேன்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். இந்த வருஷம் பள்ளிக்கூட விழாவுக்குக் கிளம்பும்போது என் பெண் கண்ணாடி முன்னால் நின்று பின்னலைப் பின்னிக்கொண்டே, "அம்மா, நீயும் பெரியம்மாவும் சேந்து வராதீங்க. வேற வேறயா வாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அக்காவுக்குப் போன் செய்து விழா தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு, தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அடுத்த வாரமே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. மூட்டு வலியில் அவள்தான் என்னைவிட அதிகமாகக் கஷ்டப்படுகிறாள். ஆனால் அவளிடம் சொன்னால், ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் பயந்தேன்.

பொய் சொன்னவளுக்கு ஒரு கல்லும் வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? எதிர்வீட்டம்மா விடுவதாக இல்லை. கதவருகே நின்றிருந்த என் வீட்டுக்காரர், "பீரோல பத்திரமா வெச்சிருக்கேன், இருங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். பீரோ இருப்பது முன்னறையில். எனக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. கொஞ்ச நேரம் கழித்து மருந்துப் பாட்டில் ஒன்றில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கூழாங்கல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பூந்தொட்டிக் கல். கழுவக்கூடத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு.

எதிர்வீட்டம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மண்ணு ஒட்டியிருக்கே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த அக்கா, அடுப்படியிலிருந்து எனக்குக் கஞ்சித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள், பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாள்.

"மண்ணு இல்லம்மா, அது பித்தம். காஞ்சா அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எதிர்வீட்டம்மா அதோடு நிறுத்தவில்லை. தனக்கு மறுநாளே சோறு போட்டுவிட்டார்கள், இவள் மட்டும் ஏன் இன்னும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நானும் என் வீட்டுக்காரரும் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அக்கா மளமளவென்று சொன்னாள். கல் பெரிசு, உள்ளே உரசி உரசிப் புண்ணாகிவிட்டது, டாக்டரே இப்படி ஒரு கல்லைப் பார்த்ததில்லையாம், அவசரப்பட்டுச் சோறு கொடுத்தால் ஆபத்து என்றாராம். தயங்காமல், தடுமாறாமல், கூடவே இருந்து பார்த்தவள் மாதிரி. அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது புரிந்தது. வயிற்றில் போட்டிருந்த தையலெல்லாம் ஒரே நேரத்தில் சுருக்கென்று இழுத்தன.

எண்ணிக்கையில் தான்தான் ஜெயித்த திருப்தியோடு எதிர்வீட்டம்மா தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறேன் என்று சட்டை பட்டனைக்கூடப் போடாமல் நழுவினார். அக்கா கஞ்சித் தண்ணீரை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"அக்கா..." என்றேன்.

"மொதல்ல குடி. மடக்கு மடக்குன்னு குடிக்காத, நெஞ்ச அடைக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

ஆஸ்பத்திரியிலேயே தெரியுமாம். சொல்லாமல் கொள்ளாமல் அவள் என்னைப் பார்க்க வந்த அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா நர்ஸிடம், கல் எவ்வளவு பெரிசு என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். எந்தக் கல் என்று நர்ஸ் கேட்டதும், அசடு வழிந்துகொண்டு நின்றிருக்கிறாள். அப்புறம் என்ன கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, விடுதியில் லீவு சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டாள். எனக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தது எல்லாம் தெரிந்தேதான். அவளை ஏமாற்றுவதாக நினைத்து நான் பித்தப்பை இருக்கும் பக்கமாகக் கையை வைத்துக்கொண்டு முனகியதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"ஆஸ்டல்ல பொண்ணுங்கள நான் கேக்கறதே இல்ல. மனசு கேக்காம தானா வந்து சொல்லிடுவாங்க. நீயும் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. ஈரத் துணியால் கட்டிலோரத்து மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"நான் சிரிப்பேன்னு மறைச்சியா?"

"இல்லக்கா."

"திட்டுவேன்னா?"

"இல்ல."

"அப்ப ஏன்டி?"

அவள் காத்திருந்தாள். விடுதிப் பிள்ளைகளிடமும் இப்படித்தான் காத்திருப்பாள் போல. ஏதாவது சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம், டாக்டர் சொல்ல வேண்டாம் என்றார் என்று இன்னொரு பொய்யைக்கூடச் சொல்லியிருக்கலாம். உன் பக்கத்தில் நிற்க வெட்கமாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு நாக்கில் வரவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை. கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்த கஞ்சித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் ஊன்றியிருந்த தன் கையை, முழங்கையிலிருந்து தோள்வரைக்கும், யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். "நீ தூங்கு."

மத்தியானமாகிவிட்டது. நேற்றுவரை அவள் தட்டை எடுத்துக்கொண்டு இந்த அறைக்குத்தான் வருவாள். "கண்ணு வெக்காத, எனக்கு வயித்தால போகும்" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். இன்று வரவில்லை. குக்கர் இறங்கிய சத்தம் கேட்டது, தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல அடுப்படிவரை நடந்தேன்.

விளக்குப் போடாமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். தட்டை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வேக வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் முந்தானையை இழுத்துத் தட்டை மூடிக்கொண்டாள்.