சத்தம் போடப் பழகிய கோடை

குட்டிக் குதிரை உதைத்ததில் லைல் சோரென்சனுக்கு மண்டை உடைந்தது. பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டிவிட்டார்கள். சொற்களைத்தான் ஒட்ட முடியவில்லை.

அவனுக்கு எல்லாம் தெரியும். கயிற்றைப் பார்த்தால் அது கயிறு என்று தெரியும், அதை எப்படிச் சுருக்கிட்டு ஓடும் கன்றின் கழுத்தில் வீசுவது என்றும் தெரியும். அதைக் கேட்க வாயைத் திறந்தால் மட்டும் 'கரண்டி' என்று வரும். தப்பு என்பது காதில் விழும்போதே புரியும். திருத்தப் போனால் இன்னொரு தப்பு வரும். நாற்பத்து மூன்று வயதில், மொன்டானாவின் கிழக்குக் கோடியில், தன் வாயிடம் தானே கெஞ்சிக்கொண்டு நின்றான்.

பண்ணைக்காரர் கஸ் ட்வீட்டன் அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேலி கட்டவும், பனியில் மாடுகளுக்கு வைக்கோல் போடவும் வைத்துக்கொண்டார். அக்டோபரில் மேய்ச்சல் நிலமெங்கும் சிதறிக் கிடக்கும் மாடுகளைக் குதிரையேறிச் சேர்த்து ஓட்டிவருவார்களே, அதற்கு மட்டும் வேண்டாம் என்றார். "பள்ளத்துல ஒருத்தன் மேல மாடு பாயுதுன்னு வை. நீ 'ஜாக்கிரதை'ன்னு கத்தணும். 'ஜாம்பழம்'னு கத்தினா அவன் செத்தான். கோவிச்சுக்காதப்பா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் லைலுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த அக்டோபரில் குதிரைமேல் இருப்பேன் என்று முடிவு செய்துகொண்டான்.

பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை மைல்ஸ் சிட்டிக்கு வண்டி ஓட்டிப் போனான். படத்தைப் பார்த்துப் பேர் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான படங்கள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னான். கூடவே இன்னொரு வழியும் தோன்றியது. வாய் கைவிட்டால் என்ன, விசில் வருகிறதே? நல்ல மாட்டு நாய் ஒன்று இருந்தால் விசிலிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

அப்படித்தான் கோரின் மாக்கியின் கேட்டுக்குப் போய் நின்றான். நாய் பழக்குகிறவள். மூன்று வருடம் முன்பு ஒரு பிக்கப் வண்டியும் ஐந்து நாய்களுமாக வந்து, ஓடையோரத்து வீட்டை வாங்கித் தனியாக இருந்தாள். யார் வந்தாலும் கேட்டோடு சரி, உள்ளே விடுவதில்லை.

"நாய் வேணும்" என்று ஆரம்பித்தான். "எனக்கு... மாவு... இல்ல, மா... மாவு..." முகம் சிவந்தது. இந்த இடத்தில் எல்லோரும் அவன் வாக்கியத்தைப் பிடுங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள். இவள் கம்பியில் கை வைத்தபடி காத்திருந்தாள்.

"அவசரமில்ல. நீங்களே சொல்லி முடிங்க."

"மாடு" என்றான். வியர்த்துவிட்டது.

அவள் கேட்டைத் திறந்தாள்.

அவனுக்கு மெக் என்ற கறுப்பு நாயைக் கொடுத்தாள். வசந்தம் முழுக்க வாரத்தில் பாதி நாள் அங்கேதான். இடப்பக்கம் சுற்ற ஒரு விசில், வலப்பக்கம் சுற்ற ஒன்று, அப்படியே படுக்க நீளமாக ஒன்று. மெக் அவனிடம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. அவன் பதிலுக்கு அவளுடைய குதிரைக்கு லாடம் அடித்துக் கொடுத்தான். காபி குடிக்கும்போது கோரின் நிறையப் பேசினாள், பழக்கிய நாய்களைப் பற்றி, இடாஹோவில் வளர்ந்ததைப் பற்றி. ஊரில் யாரிடமும் பேசாதவள் தன்னிடம் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகும் வழியெல்லாம் அவள் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டு போவான்.

ஜூனில் கஸ்ஸின் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். நாய்களோடு கோரினும் வந்தாள். பட்டிக்குள் ஒரு தாய்ப்பசு கன்றைத் தேடி வெறிபிடித்தாற்போல் திரும்பியது. கோரின் அதற்கு முதுகு காட்டி நின்றாள். லைல் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"கேக்!"

அவள் நகரவில்லை. தோள்களைக் குறுக்கி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மாடு அவளைச் சேற்றில் தள்ளியது. மெக் பாய்ந்து அதன் மூக்கைக் கவ்வியிராவிட்டால் மிதித்திருக்கும். எல்லோரும் ஓடினார்கள். அடி பெரிதாக இல்லை என்றதும், யாரோ ஒருவன் "கேக்காம்" என்று சிரித்தான். கோரின் யாரையும் பார்க்காமல் தன் பிக்கப்பில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கேட் பூட்டியிருந்தது. அவள் உள்பக்கமாக வந்து நின்றாள். முழங்கையில் கட்டு.

"என் புருஷன் அடிக்கறதுக்கு முன்னாடி கத்துவான். எப்பவும் கத்திட்டுத்தான் அடிப்பான். அவன விட்டுட்டுத்தான் இங்க வந்தேன். சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும்னு என் ஒடம்புக்குத் தெரியும், லைல். நேத்து நீங்க என்னைக் காப்பாத்தத்தான் கத்தினீங்கன்னு மனசுக்குத் தெரியுது. ஒடம்பு கேக்கல."

அவன் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தினாள்.

"இன்னும் இருக்கு. நீங்க பேச முடியாதவர்ங்கறதாலதான் உங்கள உள்ள விட்டேன். உங்களுக்குப் பேச்சு திரும்பி வராம இருந்தா நல்லதுன்னுகூட ஒருநாள் நெனச்சேன். எவ்வளவு கேவலம் பாருங்க."

அது அவனுக்கு மாட்டின் கொம்பைவிட ஆழமாக இறங்கியது. தன்னைப் பிடித்துப்போய்த்தான் பேசுகிறாள் என்று நம்பியிருந்தான். வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே எடுத்தான்.

"நான்... பேசுவேன். விட... மாட்டேன்."

"விடக் கூடாது" என்றாள். அழுதுகொண்டே சொன்னாலும் குரல் உறுதியாக இருந்தது.

அதன்பின் அவன் அங்கே போகவில்லை. படம் பார்த்துப் பேர் சொன்னான், வேலி கட்டினான், மெக்குக்கு விசில் அடித்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை அவள் பிக்கப் அவன் வேலி கட்டும் இடத்துக்கே வந்தது. இறங்கினவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பயந்த நாயைத் துப்பாக்கிச் சத்தத்துக்கு எப்படிப் பழக்குவேன் தெரியுமா? தூரத்துலேர்ந்து ஆரம்பிப்பேன். நீங்க அந்த மேட்டு மேல போய் நின்னு கத்துங்க. நான் இங்க நிக்கறேன். நாளைக்குக் கொஞ்சம் கிட்ட வாங்க. எனக்கு வேற யாரையும் கேக்கத் தோணல."

முதல் நாள் மேட்டிலிருந்து அவன் பயிற்சிச் சொற்களைக் கத்தினான். வாளி, சேணம், கதவு. பாதி தப்பு. அவள் முதுகை நிமிர்த்தி, பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாலையில் அவனுக்குத் தொண்டையும் அவளுக்குக் காலும் ஓய்ந்துபோயின. ஜூலையில் ஒருநாள், அவன் வேலிக்கு அந்தப் பக்கம்வரை நெருங்கியிருந்தபோது, அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். போதும் என்று அவன் தலையாட்டினான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தினா என் புருஷன் ஜெயிச்சான்னு அர்த்தம். கத்துங்க" என்றாள்.

ஆகஸ்டில் இருவருக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "ஜாக்கிரதை!" என்று கத்தினான். சொல் சுத்தமாக வந்தது. அவள் கண் சிமிட்டவில்லை. பிறகு அவளே வாயைத் திறந்து, தன் புருஷனிடம் சொல்லாமல் வைத்திருந்த வசவுகளையெல்லாம் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். மெக் மிரண்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூச்சு வாங்க நின்றவள், லைலின் சட்டையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டாள்.

"நீ மறுபடி கத்து" என்றாள். முதல் முறையாக 'நீ' என்றாள்.

அக்டோபரில் கஸ் முதலில் முடியாது என்றார். லைல் அவர் முன்னாலேயே நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "வடக்குப் பள்ளம்... எனக்குக் குடுங்க. நாயும்... கோரினும்... கூட வருவாங்க. சரியா வரலன்னா... நானே இறங்கிடறேன்." அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த கஸ், கடைசியில் எந்தக் குதிரையை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டார்.

அன்று பனிச்சாரல் அடித்தது. பள்ளத்தின் புதர்களிலிருந்து மாடுகளை மெக் விசிலுக்கு விசில் கிளப்பிக்கொண்டு வந்தது. மதியத்துக்குமேல், ஒரு கிடேரி கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு, கீழே வந்துகொண்டிருந்த கோரினை நோக்கிச் சரிவில் இறங்கியது. லைல் கத்தினான். என்ன சொல் வந்தது என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. அவள் அந்தக் கணமே குதிரையைத் திருப்பி ஒதுங்கினாள். கிடேரி அவளைத் தாண்டி ஓடியது. மெக் அதை வளைத்துக் கூட்டத்தில் சேர்த்தது.

பட்டிக் கதவைச் சாத்தியபின் கஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, வடக்குப் பள்ளத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை என்றார். "திங்கக்கெழம தெக்குப் பக்கம். விடியறதுக்குள்ள வந்துடு" என்று லைலிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குதிரைகளை வண்டியில் ஏற்றும்போது கோரின், என் வீட்டில் அடுப்பு பெரிது, குளிர் வரப்போகிறது, கஸ்ஸின் கூலிக்கொட்டகையில் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். அவன் சேணத்தை இடுப்பில் அணைத்தபடி நின்றான். சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"வரேன்" என்றான். "சேணத்த... எங்க... மாட்டறது?"

"கதவுக்குப் பின்னாடி ஆணி அடிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.