சளியும் முன்சீட்டும்

பானுப்பிரியாவுக்கு டிபி என்ற செய்தி தெருவைச் சுற்றிவர ஒரு பகல்கூட ஆகவில்லை. பரப்பியது பக்கத்து வீட்டு மாயக்காள்தான் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பானுவை ஏறவிடாமல் டிரைவர் பாண்டித்துரை கையை நீட்டி மறித்தான்.

"கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு தங்கச்சி. கட்டி கட்டியா சளி துப்புறியாம்ல?"

"ஆஸ்துமாண்ணே. சளி டெஸ்ட்டு எடுத்தாச்சு. டிபி இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாக."

ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஆஸ்துமான்னா இழுப்புத்தான வரும்? சளி எதுக்குடி வருது?" பின்சீட்டிலிருந்து மாயக்காள் விசாரணை நடத்தினாள்.

"மூச்சுக்குழாய்க்குள்ள சளி பசையாட்டம் கட்டி அடைச்சுக்குது மதினி. இழுப்புக்கு அதுவும் ஒரு காரணம்னு டாக்டரம்மா சொன்னாக. நான் துப்புறது மூச்சு விட."

யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. காய் பறிப்பு மும்முரமான நேரம். இன்று இறங்கிப்போனால் நாளை அந்த வேலையில் தேவாரம் ஊர்க்காரி ஒருத்தி நிற்பாள். பானு சுற்றிப்போய் முன்கதவைத் திறந்து, சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு."

"தொட்டு எறக்குண்ணே, பாப்போம்."

பாண்டித்துரை பின்னால் பார்த்தான். உள்ளே இருந்த பதினாலு பேரும் முகத்தைத் திருப்பி வெளியே வேடிக்கை பார்த்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு எப்படித் தொடுவது? நேரம் வேறு ஓடியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

போடிமெட்டு ஏற்றத்தில் பானுவுக்கு இருமல் பொங்கியது. கையிலிருந்த டப்பாவில் துப்பினாள். மாயக்காளால் சும்மா இருக்க முடியுமா? கழுத்தை நீட்டிவிட்டாள்.

"என்னடி இது, இஞ்சி வேராட்டம் கெளை கெளையா இருக்கு?"

"உள்ள குழாயி அப்பிடித்தான் பிரியுதாம். அடைச்சுக் கெடந்தது அச்சு மாறாம வந்திருக்கு."

"தொத்தாதுல்ல?"

"ஒங்க பேச்சளவுக்குத் தொத்தாது."

ஜீப்பே சிரித்தது. பாண்டித்துரையின் துண்டு கழுத்துக்கு இறங்கியது. வளைவுக்கு வளைவு நசுங்கிய மாயக்காளுக்கு முன்சீட்டில் கிடந்த காலியிடம் கண்ணை உறுத்தியது.

"ஏ பானு, தள்ளி உக்காரு. நானும் வர்றேன்."

பானு அசையவில்லை.

"சாயங்காலம் எறங்குனதும் வீடு வீடாப் போயி எனக்கு டிபி இல்லைன்னு சொல்லிட்டு வாங்க மதினி. அப்புறம் தள்றேன்."