பட்டியலுக்கும் சோதனை

2006 கடைசியில் லிங்கநகர் நிவாரண அலுவலகத்துக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைக் கிளறவென்றே வாய்த்தவர் எங்கள் கணினிக்காரர் ஸெய்னுதீன். இணையத்தில் எது வந்தாலும், தலைமையகம் அனுப்பியதாகவே இருந்தாலும், நேராகப் பெரிய கணினிக்குள் விடமாட்டார். மூலையில் தனியாகக் கிடக்கும் பழைய கணினியில் போட்டு, வெறும் எழுத்தாகத் திறந்து, வரி வரியாக வாசிப்பார்.

"சோதனைச் சாவடியில எங்கள எல்லாம் பஸ்ஸால இறக்கி நடக்க விடுறாங்கதானே குணேஸ்வரி மிஸ்? இது மட்டும் ஏன் குந்திக்கொண்டு வரோணும்?" என்பார்.

அன்று என் முன்னால் கதிரை நுனியில் புஸ்பராணி இருந்தாள். இலங்கைத்துறையில் ஷெல் விழுந்த நாளில் கணவன் தவராசாவைத் தவறவிட்டு, மூன்று மாதமாகத் தேடுகிறவள். மட்டக்களப்பு முகாம்களின் பட்டியல் அப்போதுதான் வந்திருந்தது.

"நேராப் போடுங்கோ. பெரிய கணினி ஒரு நிமிசத்தில தேடித் தரும்," என்றேன்.

"ஏலாது மிஸ்."

"உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ?"

மனிதர் பட்டியலை மூலைக் கணினியில் போட்டு வாசிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். பெயர்களுக்கு நடுவே ஒரு வரி. கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் கட்டளை. அனுப்பிய இடத்தில் யாரோ புகுந்து செருகியிருக்கிறார்கள். வெறும் எழுத்தாகத் திறந்ததால் அது சும்மா கிடந்தது. பெரிய கணினி என்றால் சொன்னதைச் செய்து முடித்திருக்கும். அதில் தொள்ளாயிரம் குடும்பங்களின் விவரம் இருந்தது. பிரதி எடுக்க அவர் கேட்ட சீடிகளை இன்னும் வாங்கிக் கொடுக்காதவள் நான்தான்.

அடுத்த வரியிலேயே இருந்தது: தவராசா, இலங்கைத்துறை.

புஸ்பராணி விம்மத் தொடங்கினாள்.

"பொறுங்க தங்கச்சி," என்றார் ஸெய்னுதீன். "ஆரோ கைவச்ச பட்டியல். பேரையும் நம்ப ஏலாது."

இந்த முறை நான் சீறவில்லை. அந்தப் பேருக்கு நேரே குறித்திருந்த முகாமுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு ஆளைக் கொண்டுவரப் பத்து நிமிடம் ஆனது. ரிசீவரைப் புஸ்பராணியிடம் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட ஆட்டுக்கு என்ன பேர்? சொல்லுங்கோ பாப்பம்," என்றாள்.

அந்தப் பக்கத்துச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "நல்லம்மா! என்ர அம்மான்ர பேரைத்தானே வச்சனீ!"

புஸ்பராணி ஸெய்னுதீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர்தான், அண்ணை."

"அப்ப இனி அழுங்க தங்கச்சி," என்றார் அவர். முதலில் அழுதது நான்தான்.